பஞ்சுக்குள் வைத்த பன்னிரண்டு வண்டுகள்

என் கணவர் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கணக்கு டீச்சர். அவருக்கு ஒரு வருடம் முன்னதாகவே எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. அந்த ஒரு வருடம் வீடு என்னுடையதாக இருந்தது. அவர் வந்து சேர்ந்த மறு வாரமே குசினியில் இருந்த டின்களுக்கெல்லாம் வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் திகதியில் போட்டது என்று எழுதி வைத்தார். மிளகாய்த் தூள் முடிந்து மல்லித் தூள் போட்ட டின்னில் பழைய தாள் அப்படியே இருந்ததற்காக ஒரு நாள் என்னிடம் விளக்கம் கேட்டார். அன்றைக்குத்தான் சொன்னேன்.

"வீட்டுக்கு வெளிய ஏதாச்சும் செய்யுங்க. வளவு சும்மாதானே கிடக்கு."

எங்கள் வளவு வாவிக்கரையில் இருக்கிறது. கிணற்றுக்கு அப்பால் ஒரு துண்டு மணல் தரை, அதற்கப்பால் கண்டல் மரங்கள், பிறகு தண்ணீர். மாரி மழை ஓய்ந்த தை மாதத்தில் அந்த மணல் தரையில் வத்தாளங்கிழங்கு, அதுதான் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, போடலாம் என்று அவர் தீர்மானித்தார். வெல்லாவெளியில் இருக்கும் அவருடைய சிநேகிதர் ஒரு சாக்கு நிறையக் கொடித் துண்டுகளை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். என் கணவர் அளவு நாடா பிடித்து வரம்பு கட்டினார். கொடிக்கும் கொடிக்கும் இடையில் ஒரு அடி, ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கணக்கு டீச்சர் நானே அப்படி ஒரு நேர்கோட்டைக் கரும்பலகையில் போட்டதில்லை.

கொடி நன்றாக ஓடியது. ஒரு மாதத்தில் மணலே தெரியாமல் பச்சை மூடியது. பிறகுதான் இலைகளில் ஓட்டை விழத் தொடங்கியது.

சாதாரண ஓட்டை இல்லை. வட்டமான, சுத்தமான ஓட்டை. ஒரு இலையில் பத்து, பன்னிரண்டு. அவர் ஒரு இலையைப் பிடுங்கிக்கொண்டு வந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"பாத்தியா? பஞ்ச் அடிச்ச மாதிரி இரிக்கு. இது ஆரோ பழகின கை."

முதலில் பக்கத்து வீட்டு ஆட்டைச் சந்தேகப்பட்டார். ஆட்டுக்கு வட்டமாகக் கடிக்கத் தெரியாது என்று நான் சொன்னேன். பிறகு நத்தையைச் சந்தேகப்பட்டார். அதன் பிறகு, இதை இப்போது ஒத்துக்கொள்ள மாட்டார், என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் இடைக்கிடை வத்தாளைக் குருத்தைக் கிள்ளிக் கறிக்குச் சுண்டுவது உண்மைதான். ஆனால் நான் கிள்ளினால் முழு இலையும் போகும், ஓட்டை மட்டும் விழாது. அதையும் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கிணற்றடியிலிருந்து அவருடைய குரல் வந்தது. இரகசியம் பேசுகிற குரல், ஆனால் வளவு முழுக்கக் கேட்கிற இரகசியம்.

"புள்ள, இஞ்ச வா. சத்தம் போடாம வா."

கையில் தேங்காய்ப்பூவோடு போனேன். அவர் வரம்பில் முழங்கால் குத்தி இருந்தார். முட்டி வலிக்கிறது என்று கோயிலிலே கும்பிடும்போதுகூடக் குனியாத மனிதர். அவர் விரல் காட்டிய இலையில் ஒரு சொட்டுத் தங்கம் இருந்தது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பார்த்தவுடன் என் கை காதுக்குப் போனது. தோட்டில் இருந்துதான் ஏதோ கழன்று விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு. வட்டமாக, நடுவில் சற்று உயர்ந்து, ஒரு குட்டி ஆமையைப் போல. நடுப்பகுதி மட்டும்தான் தங்கம். அதைச் சுற்றி ஓரத்தில் கண்ணாடி போன்ற ஒரு விளிம்பு. அந்த விளிம்புக்கு ஊடாக இலையின் பச்சை தெரிந்தது. காலும் இல்லை, தலையும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் மெதுவாகத் தென்னை ஈர்க்கால் தொட்டார். அது ஓடவில்லை, பறக்கவில்லை. இலையோடு இலையாக இன்னும் அழுத்தி ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் நாங்கள் அசையாமல் இருந்த பிறகு முன் விளிம்பு ஒரு மயிரிழை உயர்ந்தது. இரண்டு மெல்லிய உணர்கொம்புகள் வெளியே வந்தன. பிறகு ஆறு கால்களும் தெரிந்தன. எல்லாவற்றையும் அந்தக் கூரைக்குக் கீழே மடித்து வைத்திருந்திருக்கிறது.

"இதுதான் ஆள்," என்றார் என் கணவர்.

"இதையா கொல்லப் போறீங்க?"

அவர் இன்னும் கிட்டக் குனிந்தார். அடுத்த மூன்று நாளும் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரம்பை விட்டு வரவில்லை.

மூன்றாம் நாள் முடிவில் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இப்படி ஒரு பூச்சியைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை. அவர் காணவில்லை என்றால் வேறு யாரும் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆகவே இது புதிய இனம். எத்தனையோ ஊர்களில் வேலை செய்தவர் என்பதால் அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதாக அவர் நம்பினார். இந்த நியாயத்தை என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுதியிருந்தால் நான் பெரிதாக ஒரு பிழை போட்டிருப்பேன்.

என் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, மெல்பேர்னில் இருக்கும் மகனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். படத்தில் தங்கம் வரவில்லை. வெள்ளையாக ஒரு பளபளப்புத்தான் விழுந்திருந்தது. மகன் திருப்பிக் கோல் எடுத்தான்.

"அப்பா, அது டொபிப் பேப்பர். எடுத்துப் போடுங்க."

"உனக்குக் கண்ணாடி மாத்த வேணும்," என்று சொல்லிவிட்டு இவர் போனை என்னிடம் தந்துவிட்டார். அன்றைக்கு மகனோடு மீதிப் பேச்சு நான்தான் பேசினேன்.

அடுத்த நாள் ஏறாவூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டு வருகிற நானா வந்தார், முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். ஒட்டி மீன் நிறுத்துக்கொண்டிருந்தவரை என் கணவர் கையைப் பிடித்து வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானா குனிந்து பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், வடிவுதான் சேர். இது எங்கட வீட்டுக்குப் பின்னால கங்குன் கீரையில நிறையக் கிடக்கு. எங்கட உம்மா இதத் தங்கப் பூச்சி எண்டுதான் சொல்லுவா."

"இது அது இல்ல," என்றார் என் கணவர்.

"அதுதான் சேர். இதே மாதிரித்தான்."

"நீங்க வடிவாப் பாக்கல்ல."

நானா என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன். "ஓம் சேர், இது வேறதான்," என்று சொல்லிவிட்டு அவர் தராசுக்குத் திரும்பினார். முப்பது வருடம் வீடு வீடாகப் போய் வியாபாரம் செய்கிறவருக்கு எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரியும்.

அந்தக் கிழமையே வண்டுகளை விவசாயக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் காட்டுவது என்று ஏற்பாடு. எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் என் கணவரின் முழுத் திறமையும் வெளிப்பட்டது. ஒரு பிஸ்கட் டின்னைக் கழுவி வெயிலில் காய வைத்தார். ஒரு சொட்டு ஈரமும் இல்லை என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அடியில் பருத்திப் பஞ்சு பரப்பினார். பன்னிரண்டு வண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் குழி செய்து வைத்தார். மேலே இன்னொரு படை பஞ்சு. மூடியில் ஊசியால் ஓட்டை போட்டார், அது மட்டும் மூச்சு விடுவதற்கு.

"ரெண்டு இலையும் போடுங்களன்," என்றேன். "வழியில பசிக்காதா?"

"அழுகிற சாமான் பார்சலுக்குள்ள போடப்படாது," என்றார். "ஈரம் பட்டா எல்லாம் பழுதாப் போகும். எத்தின பார்சல் பாத்தவன் நான்."

பிரிவுபசாரத்துக்குப் போட்ட நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். என்னையும் வரச் சொன்னார்.

"நான் எதுக்கு?"

"நாளைக்கு ஆராச்சும் கேட்டா, எங்க கண்டது, எப்ப கண்டது எண்டு சொல்லச் சாட்சி வேணும்."

பஸ்ஸில் டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவர், டின்னுக்குள் இனிப்பு என்று நினைத்து, "தொதலா ஐயா?" என்று கேட்டார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று அந்த மனிதருக்கு விளங்கியிருக்காது.

விவசாயக் கந்தோரில் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் போதனாசிரியர் ஒரு இளம் பெண். எங்கள் மகனை விட வயது குறைவாக இருக்கும். மேசையில் ஒரு போத்தலில் ஏதோ நோய் பிடித்த நெற்கதிர் வைத்திருந்தாள். எங்களை இருக்கச் சொல்லி, என்ன விஷயம் என்று மரியாதையாகக் கேட்டாள். என் கணவர் முதலில் வரம்பின் நீள அகலத்தைச் சொன்னார். பிறகு கொடி எங்கிருந்து வந்தது என்று சொன்னார். பிறகு ஓட்டையின் வட்டத்தைப் பற்றிச் சொன்னார். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாக, "இது இந்த ஊரில, ஏன் இந்த நாட்டிலயே ஒருத்தரும் காணாத சாமான் எண்டு நான் நினைக்கிறன்," என்று சொல்லி டின்னின் மூடியைத் திறந்து மேல் பஞ்சை எடுத்தார்.

உள்ளே மண்ணிறத்தில் பன்னிரண்டு சருகுகள் இருந்தன.

வேறு என்ன சொல்வது? புளியங்கொட்டைத் தோலை உரித்து வட்டமாக வெட்டிப் போட்டது போல. தங்கம் என்ற பேச்சே இல்லை. கந்தோரில் தேத்தண்ணி கொண்டு வந்த ஆள்கூட எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் எங்களைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை.

"வரக்கொள்ள தங்கமாத்தான் இருந்தது," என்றார் என் கணவர். அவருடைய குரல் சின்னதாகிப் போயிருந்தது.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். சாட்சி சொல்லத்தானே வந்தேன்.

"ஓம் மகள், நானும் கண்டனான். தங்கமேதான்."

அவள் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவள் மேல் எனக்கு ஒரு தனி அன்பு. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்றது சரி ஐயா. உயிரோட இருக்கக்கொள்ள இது தங்கம்தான். அந்த நிறம் சாயம் மாதிரி இல்ல. முதுகு ஓட்டுக்குள்ள மெல்லிசு மெல்லிசாப் படை படையா இரிக்கு. அதுக்குள்ள ஈரம் இரிக்கும்வரைதான் அப்பிடி மினுங்கும். காஞ்சா, செத்தா, சில நேரம் சும்மா பயந்தாக்கூட மங்கிப் போகும்."

"ஈரமா?" என்றார் அவர்.

"ஓம் ஐயா. இது ஆமை வண்டு. இலை வண்டுச் சாதி. வத்தாளை, கங்குன், கடற்கரையில படருற அடம்பன் கொடி, இந்தச் சாதிக் கொடியெல்லாம் தின்னும். எங்கட பக்கம் எல்லா இடத்திலயும் இரிக்கு."

எல்லா இடத்திலும் என்ற சொல் விழுந்த இடத்தை நான் பார்த்தேன். அவர் நீளக்கைச் சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நன்றி சொன்னார். டின்னை மூடி எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாதி வழியில் கேட்டேன்.

"இப்ப அது எத்தின கரட் இரிக்கும்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சத் தூரம் போன பிறகு, "நகைக் கடைக்காரன் ஏமாத்தினா வழக்குப் போடலாம், வண்டு ஏமாத்தினா எங்க போறது?" என்றேன். பின் சீட்டில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதில் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்து, வீடு வந்து சேரும்வரை இன்னும் மூன்று நான்கு பகிடி விட்டேன். அவை எல்லாம் நல்ல பகிடிகள் என்று அப்போது நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் டின்னைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த நாள் காலை வளவுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பேப்பர் வாசித்தார். டின்களின் தாள்களைச் சரிபார்க்கக்கூட வரவில்லை. நான் வேண்டுமென்றே சீனி டின்னில் உப்பைப் போட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். கண்டுகொள்ளவே இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"என்ன, கோவமா?"

"உன்னோட என்ன கோவம்?"

"அப்ப?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "முப்பது வருசத்துக்கு மேல மத்தவங்கட சாமானக் கவனமா அனுப்பினனான். ஒண்டும் பழுதாப் போனது எண்டு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல. நானாகவே கொண்டு போனது ஒண்டே ஒண்டு. அத நானே காய வைச்சுச் சாகடிச்சுட்டன்."

புது இனம் இல்லை என்பதல்ல அவருடைய துக்கம். அதை நான் இரண்டு நாளாகத் தப்பாக எடைபோட்டிருந்தேன். அந்த உயிர்களுக்கு இரண்டு இலை போடச் சொன்னவள் நான். அவர் போடவில்லை. அதுதான் அவருக்குள் கிடந்தது. பஸ்ஸில் நான் விட்ட பகிடிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அப்போது ஒன்றுமே நல்லதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, அந்த டின்னைக் கழுவி எடுத்து வைப்போம் என்று கிணற்றடிக்குப் போனேன். அவர் கண்ணில் படாமல் எடுத்துவிட்டால் நல்லது என்றும் ஒரு எண்ணம். பஞ்சை உதறினேன். சருகுகள் மணலில் விழுந்தன. ஒன்று மட்டும் விழவில்லை. பஞ்சு நூலில் சிக்கிக்கொண்டு தொங்கியது. தட்டிவிடப் போன நேரம் அதன் ஒரு கால் அசைந்தது.

காற்றுக்கு ஆடியிருக்கும் என்றுதான் நினைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். திரும்பவும் அசைந்தது. காற்று இல்லை.

அதை நூலிலிருந்து எடுப்பதற்கு நான் பட்ட பாடு பெரும் பாடு. என் மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. எடுக்கப் போனால் அவர் என்ன என்று கேட்பார். ஈர்க்கு நுனியால் நூலை ஒவ்வொரு இழையாக விலக்கினேன். ஒருவழியாக ஒரு வத்தாளை இலையில் இறக்கி, வாளியில் கையை நனைத்து மேலே இரண்டு துளி தெளித்தேன். அது மண்ணிறமாகவே ஒட்டிக்கொண்டு இருந்தது. நான் வரம்பின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துப் பிடித்தேன். யாராவது பார்த்திருந்தால், ஓய்வு பெற்ற டீச்சருக்கு என்ன ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் அது நடந்தது. மிக மெதுவாக இலையின் கீழ்ப்பக்கத்துக்குப் போனது. நான் இலையை மெல்லப் புரட்டிப் பிடித்தேன். அது தின்னத் தொடங்கியது. வாய் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முன் விளிம்புக்குக் கீழே சிறிய அசைவு மட்டும் தெரிந்தது. ஒரு புள்ளி ஓட்டை வந்தது. அந்தப் புள்ளியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தின்று ஓட்டையை வட்டமாக்கியது. அளவு நாடா இல்லாமலே என் கணவரின் வரம்பை விட நேர்த்தியாகச் செய்தது.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. முதுகின் நடுவில் ஒரு மங்கலான செம்புநிறம் வந்தது. நான் கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தளை ஆனது. பித்தளையில் ஒரு பச்சை மினுக்கம் ஓடியது. நான் இமைத்துப் பார்த்தபோது தங்கம் வந்திருந்தது. எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. கணக்கில் இப்படி ஒரு இடம் வரும். ஒரு பக்கம் இல்லை, அடுத்த பக்கம் இருக்கிறது, நடுவில் என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லச் சிரமமாக இருக்கும்.

"இஞ்ச வாங்க," என்று கூப்பிட்டேன். "கெதியா வாங்க."

அவர் பேப்பரோடு வந்தார். நான் இலையைக் காட்டினேன். அவருக்குக் கொஞ்சம் நேரம் விளங்கவில்லை. வழமையான வண்டு ஒன்று என்று நினைத்திருப்பார்.

"இது டின்னுக்குள்ள இருந்தது," என்றேன். "சாகல்ல. ஈரம் காஞ்சிதான் கிடந்தது. என்ட கண்ணுக்கு முன்னால நிறம் வந்தது."

அவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு முழங்கால் குத்தினார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"சோறு கருகுது," என்றார்.

உண்மையிலேயே கருகிப் போயிருந்தது. அன்றைக்குப் பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தபால் கந்தோரில் மிஞ்சிய ஒரு பதிவுப் புத்தகத்தை எடுத்து, காலையில் எத்தனை வண்டு, எந்த இலையில், என்ன செய்தது என்று எழுதத் தொடங்கினார். வெயில் ஏறினால் இலைக்கு அடியில் போய்விடும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும், மனம் வந்தால் மட்டும் பறக்கும் என்றெல்லாம் கண்டுபிடித்தார். நானும் அவ்வப்போது போய்ப் பார்த்தேன். பகிடி விடுவதை முழுக்க நிறுத்தினேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விடப் பழகிக்கொண்டேன்.

அப்படி எனக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு அந்த வண்டின் குஞ்சுகளால் வந்தது. தங்கத்துக்குப் பிறந்த பிள்ளைகள் எப்படி இருக்கும் என்று நாங்கள் இருவரும் ஆவலோடு காத்திருந்தோம். ஒரு நாள் இலையின் அடியில் கண்டோம். தட்டையான, பச்சை நிறமான, உடம்பைச் சுற்றி முள்ளு முள்ளாக ஒரு புழு. அதன் முதுகுக்கு மேலே கறுப்பாக ஒரு கட்டி. குச்சியால் தொட்டால் அந்தக் கட்டியைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. என் கணவர் பூதக்கண்ணாடியால் அரை மணி நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுத்து வேலையில் இறங்கினார். நான் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன்.

"என்னங்க, இது தன்ட பீயத் தானே தூக்கிக்கொண்டு திரியுது."

"அது குடை," என்றார்.

"என்ன குடை? நல்லாப் பாருங்க."

"எறும்பு வந்தா அதால மறைச்சுக்கொள்ளும். பாதுகாப்பு. எல்லாத்தயும் அப்பிடிக் கேவலமாச் சொல்லாத."

பதிவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று பிறகு பார்த்தேன். 'கழிவுப் பொருளாலான கவசம்' என்று எழுதியிருந்தார். தபாலதிபர் தபாலதிபர்தான்.

சித்திரை முடிந்து கிழங்கு கிண்டினோம். இலையெல்லாம் சல்லடை போல இருந்தும் கிழங்குக்கு ஒன்றும் குறைவில்லை. அயலில் ஐந்து வீட்டுக்குக் கொடுத்தோம். மீன்கார நானாவுக்கு ஒரு பை நிறையக் கொடுத்து, "நீங்க அண்டைக்குச் சொன்னது சரி," என்று என் கணவர் சொன்னார். "என்ன சேர் சொன்னனான்?" என்றார் நானா. அவர் உண்மையிலேயே மறந்துவிட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

போதனாசிரியப் பிள்ளைக்கும் ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்போது இவர் பதிவுப் புத்தகத்தையும் காட்டினார். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இரண்டு இடத்தில் வாய்விட்டே சிரித்தாள், ஆனால் அவர் எழுத்தைப் பார்த்து ஏளனமாகச் சிரித்த சிரிப்பு அல்ல, சந்தோஷத்தில் வந்தது.

"ஐயா, அடுத்த மாசம் வெல்லாவெளியில கமக்காரப் பெண்களுக்கு ஒரு கூட்டம் வைக்கிறம். வந்து இதப் பத்திக் கொஞ்சம் பேசுவீங்களா?"

பேசாமல் இருப்பாரா? ஒரு கிழமை தயார் செய்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தார்.

கூட்டம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. நாற்பது பெண்கள் அளவில் இருந்தார்கள். அவர்களில் பலர் விடியற்காலையிலேயே வேலை முடித்துவிட்டு வந்தவர்கள், கண் சொருகிப் போயிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். இவர் நிறத்தில் தொடங்கினார். ஈரம், படை படையான ஓடு, இலையில் போடும் வட்டம், தின்னும் கொடிகள், குஞ்சின் கவசம் எல்லாம் சொன்னார். கவசம் எதனால் ஆனது என்று அவர் சொன்ன இடத்தில் மட்டும் எல்லாருக்கும் நித்திரை கலைந்தது. சிரிப்பு அடங்கச் சற்று நேரம் எடுத்தது. மற்றபடி நன்றாகத்தான் பேசினார். அவர் உயிரோடு கொண்டு போயிருந்த மூன்று வண்டுகளை, ஈரத் துணியும் இலையும் போட்ட போத்தலில், வரிசை வரிசையாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

பேச்சு முடிந்ததும் முன் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கங்குன் செய்கிறவள், சந்தைக்குக் கட்டுக்கட்டாகக் கொடுக்கிறவள் என்று பிறகு தெரிந்தது.

"ஐயா, நீங்க சொன்னதெல்லாம் சரி. எங்கட கங்குன்ல இது ஓட்டை போட்டா ஒருத்தரும் வாங்குறாங்க இல்ல. இத எப்பிடிக் கொல்ற?"

தயார் செய்த பேச்சில் இந்தக் கேள்வி இல்லை என்பது எனக்குத் தெரியும். போத்தல் அப்போது அவர் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். போதனாசிரியப் பிள்ளை தானே பதில் சொல்லலாம் என்று எழுந்தாள். இவர் கையைக் காட்டி அவளை இருத்தினார்.

"கிழங்குக்குச் செய்யிறீங்க எண்டா விட்டிருங்க, அது தின்னட்டும். கிழங்குக்குப் பெரிசா ஒண்டும் செய்யாது. நான் பாத்தனான்," என்றார். "கீரைக்கு எண்டா, காலமையில போய்க் கையாலயே பிடிச்சு எடுக்கலாம். தொட்டா ஓடாது. அது இலையோட ஒட்டிக்கொண்டு நிக்கும், அதனால லேசாப் பிடிபடும். அடியில முட்டையும் குஞ்சும் இரிக்கிற இலைகளக் கிள்ளி எடுங்க. மருந்து அடிக்கத் தேவையில்ல."

"பிடிச்சு என்ன செய்யிற?" என்று அந்தப் பெண் விடவில்லை.

அவர் போத்தலை மேசையில் வைத்தார்.

"சவர்க்காரத் தண்ணிக்குள்ள போட்டாச் செத்துப் போகும்," என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் சவர்க்காரத்தின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. வயல் வட்டையில் அறுவடைக்கு நெல் பழுத்துக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. போத்தலை மடியில் வைத்து, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி விட்டிருந்தார். இந்தத் தடவை நான் பகிடி ஒன்றும் விடவில்லை. பாலம் வந்ததும் அவராகவே பேசினார்.

"அந்தக் கங்குன்காரப் புள்ள கேட்டது நியாயம்தானே?"

"நியாயம்தான்."

"நான் சொன்னதும் சரிதானே?"

"சரிதான். வேற எப்பிடிச் சொல்ற?"

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சத் தூரம் போன பிறகு போத்தலை என் கையில் தந்தார்.

"நீ கொஞ்சம் வைச்சிரு," என்றார். "எனக்குக் கை வேர்க்குது."

நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றில் இரண்டு இலைக்கு அடியில் போய்விட்டன. ஒன்று மட்டும் மேலே இருந்து தின்றுகொண்டிருந்தது.